பட்டியலில் நாலாவது பெயர்

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் ஒரு கம்பெனியில் பத்தொன்பது வருஷமாகப் பாண்டிசெல்விக்கு ஒரே வேலைதான். ரோல் ரோலாக வரும் வெள்ளைத் துணியை விளக்கு எரியும் கண்ணாடி மேஜையின் மேல் ஓடவிட்டு, இழை விட்ட இடம், எண்ணெய் பட்ட இடம், முடிச்சு விழுந்த இடம் என்று பார்த்துப் பார்த்துக் குறி போடவேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை ரோல் ஓடினாலும் அவள் கண்ணுக்குத் தப்பிய பழுது குறைவு. ஆனால் வீட்டில் வயர், பட்டன் என்று எது இருந்தாலும் அதன் பக்கமே போகமாட்டாள். அதெல்லாம் அவள் கணவர் இசக்கிமுத்துவின் இலாகா.

இசக்கிமுத்து ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். வீட்டில் எந்தப் பொருளுக்கும் ஒரு பெயர் ஒட்டாமல் விடமாட்டார். சுவிட்ச் ஒவ்வொன்றின் கீழேயும் எது எதற்கு என்று எழுதியிருக்கும். வைஃபை பாஸ்வேர்டை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுவார். அதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லமாட்டார். புதிதாக யாராவது கேட்டால் அவர்கள் போனை வாங்கி, திரும்பி நின்றுகொண்டு, தானே அடித்துக் கொடுப்பார். ஒரே மகன் விஜயபாண்டியும் அப்பாவைப் போலவே பட்டாளத்துக்குப் போய்விட்டவன். லீவில் வந்தால் அவனுக்கும் அதே மரியாதைதான். பாண்டிசெல்விக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. போன் தானாகவே இணைந்துகொள்கிறது, அவளுக்கு அது போதும்.

ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் தோப்புக்குப் போன இசக்கிமுத்து திரும்பி வரவில்லை.

தோப்பு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, செண்பகத்தோப்புக்குப் போகும் வழியில் மலையடிவாரத்தில் இருந்தது. மூன்று ஏக்கர் மா. காய்ப்பு நேரத்தில் அவர் நாலு மணிக்கே பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார், சில நாள் அங்கேயே தங்கியும்விடுவார். அதற்கு முந்தின சாயங்காலம்தான் இருவருக்கும் சண்டை. தோப்பை விற்றுவிட்டு வீட்டோடு இருக்கச் சொன்னாள். அவர் பதில் சொல்லாமல் டார்ச் லைட்டுக்குப் புது பேட்டரி போட்டுக்கொண்டிருந்தார். அந்த மௌனம்தான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. "அப்ப அந்தத் தோப்புலயே கெடங்க, இங்க வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள்.

மத்தியானம் வரை போன் அடித்தது, எடுக்கவில்லை. அதன் பிறகு அணைந்து கிடந்தது. சாயங்காலம் பக்கத்துத் தோப்புக்காரரான சோலைச்சாமி வீட்டுக்கே வந்துவிட்டார். அவரும் இசக்கிமுத்துவும் ஒருவரையொருவர் மாப்ளை என்று கூப்பிட்டுக்கொள்பவர்கள். அந்த முறையில் பாண்டிசெல்வி அவருக்குத் தங்கச்சி, அவர் அவளுக்கு அண்ணன். காலையிலிருந்து மாப்ளையைத் தோப்புப் பக்கமே காணவில்லை என்றார். அவள் அழுதுகொண்டே முந்தின நாள் சண்டையை ஒரு சொல் விடாமல் அவரிடம் சொன்னாள். அவர் தலையைக் குனிந்து தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பைக் பூட்டியபடி நின்றது. போன் கடைசியாகச் சிக்னல் பிடித்ததும் அந்த இடத்தில்தான் என்று ஸ்டேஷனில் சொன்னார்கள். சோலைச்சாமியே ஆள் கூட்டிவந்து முன்னால் நின்று தேடினார். இசக்கிமுத்துவின் தோப்பு, கிணறு, ஓடை, வனத்துறை வேலி வரைக்கும் எல்லாம் பார்த்தார்கள்.

ஆறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, சோலைச்சாமி வந்து உட்கார்ந்து ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தபோதே, பாண்டிசெல்வியின் போனில் இசக்கிமுத்துவின் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. "நான் நல்லா இருக்கேன். தோப்புலயே கெடன்னு சொன்னே. தோப்பும் வேண்டாம் வீடும் வேண்டாம்னு வந்துட்டேன். தேட வேண்டாம்."

உயிரோடு இருக்கிறார் என்ற நிம்மதி ஒரு நொடிதான். அடுத்த நொடி, தன் வாயால் அவரைத் துரத்திவிட்டோம் என்ற எண்ணம் வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. சண்டையில் தான் சொன்ன வார்த்தை அப்படியே எழுதியிருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள். ஸ்டேஷனிலும், சுயபுத்தியோடு கோபித்துக்கொண்டு போனவர், தானே வருவார் என்று சொல்லிவிட்டார்கள்.

அவள் பதில் எழுதினாள். தப்புதான், வந்துவிடுங்கள் என்று எழுதினாள். அவள் அனுப்பியது ஒற்றை டிக்கோடு மூன்று நாள், நாலு நாள் கிடக்கும். பிறகு திடீரென்று ஒரு சாயங்காலம் இரண்டு டிக் விழும், வேறொரு செய்தி வந்து நிற்கும். "மனசு சரியாகட்டும்." "கேரளாவுல ஒரு எஸ்டேட்ல இருக்கேன், டவர் கெடையாது." ஒருமுறை அவள், ஒரே ஒரு வார்த்தை பேசி அனுப்புங்கள், குரலைக் கேட்டால் போதும் என்று கெஞ்சினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை பதில் வந்தது. "பேசினா மனசு மாறிரும்."

இசக்கிமுத்துவின் விரல் தடித்த விரல். அவர் அவளுக்கு எப்போதும் பேசித்தான் அனுப்புவார், டைப் அடித்ததே இல்லை. அது அவளுக்கு உறுத்தாமல் இல்லை. ஆனால் கோபத்தில் போன மனுஷன் பழைய மாதிரி இருப்பார் என்று எப்படி எதிர்பார்ப்பது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வாரத்தில் இரண்டு நாள், புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும், சோலைச்சாமி தவறாமல் வந்து ஒரு காப்பி குடித்துவிட்டுப் போனார். தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொள்கிறேன், கவலைப்படாதே என்பார். வந்து போகிற ஒரே மனுஷர் அவர்தான். வர வர இளைத்துக்கொண்டே வந்தார். நண்பன் போன கவலை என்று அவள் நினைத்தாள்.

ஆடி முடியும் சமயம் ஒரு வியாழக்கிழமை, கம்பெனியில் துணி நனைக்கும் தொட்டிக்குள் அவள் போன் விழுந்துவிட்டது. எடுத்தபோது உயிர் போயிருந்தது. மறுநாளே புதுப் போன் வாங்கிவிட்டாள். சிம்மைப் போட்டாள், பக்கத்து மேஜைப் பெண் வாட்ஸ்அப்பை மீட்டுக் கொடுத்தாள். ஆனால் வீடு பழைய கல்கட்டு வீடு. உள்ளே டவர் எட்டாது. மொட்டை மாடிக்குப் போனால்தான் ஒன்றோ இரண்டோ கோடு வரும். வைஃபை இல்லாவிட்டால் வீட்டுக்குள் போன் வெறும் கண்ணாடித் துண்டு. அவர் செய்தி அனுப்பி, தான் பார்க்காமல் இருந்துவிட்டால், இவள் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வாரோ என்ற பயம் அவளைப் பிடித்துக்கொண்டது.

பாஸ்வேர்டு என்ன என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முழுக்கத் தேடினாள். கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த வைஃபை பெட்டியைக் கழற்றிப் பின்னால் பார்த்தாள். கம்பெனிக்காரன் அச்சடித்த ஒரு எண் இருந்தது. அதை அடித்தால் தவறு என்றது, அவர்தான் மாற்றிவிட்டாரே. டிவியில் போய்ப் பார்த்தாள். இணைந்திருக்கிறது என்று காட்டியது, பாஸ்வேர்டு இருந்த இடத்தில் வரிசையாகப் புள்ளி. அவருடைய டைரிகளைப் புரட்டினாள். மழை பெய்த நாள், உரம் வைத்த நாள், மோட்டார் ரிப்பேர் எல்லாம் இருந்தது, இது மட்டும் இல்லை. மாடிக்குப் போய் அஸ்ஸாமில் இருந்த விஜயபாண்டிக்குப் போன் போட்டாள். அவன் தன் போனில் பதிந்திருந்ததை எடுத்துச் சொன்னான். அது மார்கழி லீவில் போட்டது, அதற்கப்புறம் மாறிவிட்டிருந்தது.

சனிக்கிழமை கம்பெனி ஆபீசில் பில் போடும் நஸீபாவிடம் போய் நின்றாள். நஸீபா இவளைவிட நாலைந்து வயது இளையவள், கம்ப்யூட்டரில் கைதேர்ந்தவள். முழுக்கக் கேட்டுவிட்டு, வீட்டில் இணைப்பில் இருக்கிற வேறு என்ன சாமான் இருக்கிறது என்று கேட்டாள். பழைய லேப்டாப் ஒன்று இருக்கிறது, பென்ஷன் வேலைக்காக அவர் வைத்திருந்தார், திறக்கிற நம்பர் மகன் பிறந்த வருஷம் என்றாள் பாண்டிசெல்வி.

"அப்ப கவலையே இல்ல அக்கா," என்றாள் நஸீபா. "ஒரு தடவ போட்ட பாஸ்வேர்ட லேப்டாப் மறக்காது. நாமதான் மறப்போம்."

பிறகு பில் புத்தகத்தின் பின்னட்டையைக் கிழித்து ஒவ்வொரு படியாக எழுதிக் கொடுத்தாள். செட்டிங்கில் எங்கே போகவேண்டும், எதைத் தொடவேண்டும், பாதுகாப்பு என்ற தலைப்பின் கீழே எழுத்துகளைக் காட்டு என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும், அதில் டிக் அடித்தால் புள்ளியெல்லாம் எழுத்தாக மாறும். நெட் ரொம்ப மெதுவாகப் போகிறது என்று பாண்டிசெல்வி சொன்னதால் இன்னொன்றும் எழுதினாள். பெட்டியின் பின்னால் ஒரு விலாசம் எண்ணாக இருக்கும், அதை லேப்டாப்பில் அடித்து, உள்ளே போகவும் அதே பாஸ்வேர்டைப் போட்டுப் பாருங்கள், இந்த நிமிஷம் யார் யார் உங்கள் வைஃபையில் தொங்குகிறார்கள் என்று பட்டியல் காட்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் யாராவது இழுக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், உள்ளறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, அட்டையைப் பக்கத்தில் நிறுத்தி, துணியில் பழுது தேடுகிற அதே பொறுமையோடு படிப்படியாகப் போனாள். மூன்று தடவை வழி தப்பித் திரும்பி வந்தாள். நாலாவது தடவை அந்தச் சின்னக் கட்டம் கண்ணில் பட்டது. டிக் அடித்தாள். புள்ளிகள் மறைந்து எழுத்துகள் வந்தன.

லே, ஜோத்பூர், தேஜ்பூர், அம்பாலா. அவர் வேலை பார்த்த ஊர்களின் பெயரிலிருந்து இரண்டிரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ராணுவ எண்ணின் கடைசி நாலு இலக்கம். அந்த ஊர்களிலிருந்தெல்லாம் அவர் போட்ட கடிதத்தை அவள் வாசித்திருக்கிறாள். யோசித்திருந்தால் தானே கண்டுபிடித்திருக்கலாம் என்று தோன்றியபோது கண் நிறைந்துவிட்டது. புதுப் போனில் எழுத்தெழுத்தாக அடித்தாள். இணைந்துகொண்டது. செய்தி ஒன்றும் வந்திருக்கவில்லை.

அப்புறம் நஸீபா எழுதிய இரண்டாவது காரியத்தையும் செய்தாள். பட்டியல் வந்தது. மொத்தம் மூன்று பெயர். டிவி, லேப்டாப், புதுப் போன். பக்கத்து வீட்டார் யாரும் இல்லை. நன்றாகப் போயிற்று என்று பக்கத்தை மூடாமலே எழுந்து போய்த் துணி துவைத்தாள்.

நாலரை மணிக்கு சோலைச்சாமி வந்தார். தோளில் மாட்டியிருந்த ரெக்சின் பையைக் கழற்றி நாற்காலிக் கையில் தொங்கவிட்டு உட்கார்ந்தார். அவருடைய மகளுக்கு ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். பத்திரிகை அடிக்கக் கொடுத்திருப்பதாகச் சொன்னார், சொல்லும்போது முகத்தில் கல்யாணக் களை எதுவும் இல்லை. பாண்டிசெல்வி காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, லேப்டாப்பை அணைக்கலாம் என்று உள்ளறைக்குப் போனாள்.

பட்டியலில் நாலாவதாக ஒரு பெயர் இருந்தது.

இசக்கிமுத்து வீட்டில் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தவர் அல்லவா, தன் போனுக்கும் ஒன்று வைத்திருந்தார். ஹவில்தார் இசக்கி என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எதிரே பச்சை நிறத்தில் ஒரு புள்ளி.

அவளுக்கு முதலில் வந்தது பயம் அல்ல, சந்தோஷம். வந்துவிட்டார், வீட்டுப் பக்கத்தில் எங்கேயோ நிற்கிறார், உள்ளே வர வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கிறார். கூடத்தைத் தாண்டி ஓடி வாசலுக்கு வந்தாள். தெருவில் இரண்டு பக்கமும் பார்த்தாள். எதிர்வீட்டுத் திண்டில் ஒரு நாய் படுத்திருந்தது. பின்கட்டுக்கு ஓடினாள், மாடிக்கு ஏறினாள், பக்கத்துச் சந்துக்குள் எட்டிப் பார்த்தாள். ஒருவரும் இல்லை.

"என்ன தங்கச்சி, யாரத் தேடுத?" என்று சோலைச்சாமி கேட்டார்.

"ஒண்ணுமில்லண்ணே. யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு."

உள்ளே வந்து மறுபடி பார்த்தாள். பெயர் அப்படியே இருந்தது. கையிலிருந்த புதுப் போன் சிணுங்கியது. அவர் எண்ணிலிருந்துதான். "சாப்பாடு எல்லாம் கெடைக்குது. நீ ஒடம்பப் பாத்துக்கோ." அவள் அறையின் கதவிடுக்கு வழியாகக் கூடத்தைப் பார்த்தாள். சோலைச்சாமியின் இரண்டு கையும் டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தன. அவர் போன் சட்டைப் பையில் தெரிந்தது. ரெக்சின் பை நாற்காலிக் கையில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

அவர் விடைபெற்றுக்கொண்டு போனார். பைக் சத்தம் தெருமுனையில் திரும்பியது. அவள் பட்டியலைப் புதுப்பித்தாள். மூன்று பெயர்.

அன்றைக்கு அவள் விளக்கேற்றவில்லை, சோறு பொங்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். துணியில் ஒரு இழை விட்டிருந்தால் அந்த இழையைப் பிடித்துப் பின்னோக்கிப் போய் எந்த இடத்தில் விட ஆரம்பித்தது என்று பார்ப்பாள். அதுபோலப் போனாள். செய்தி வந்த நாளெல்லாம் எந்த நாள்? புதனும் ஞாயிறும். தான் அனுப்பியதில் டிக் விழுந்த நேரமெல்லாம் எந்த நேரம்? காப்பி நேரம். சண்டையில் சொன்ன வார்த்தை அவருக்கும் தனக்கும் மட்டும் தெரிந்தது என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். முதல் நாளே ஒரு சொல் விடாமல் அதைச் சொன்னது யாரிடம் என்று இப்போது ஞாபகம் வந்தது.

அவர் உயிரோடு இல்லை என்பது அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அழுகை வரவில்லை.

திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். நஸீபாவிடம் மட்டும் சொன்னாள். நஸீபா, சிம் இல்லாவிட்டாலும் போன் உயிரோடு இருந்தால் தெரிந்த வைஃபை பக்கத்தில் வந்ததும் தானே ஒட்டிக்கொள்ளும் என்றாள். வேறு எங்கோ வைத்து அடித்த செய்தி அனுப்பப்படாமல் கடிகாரக் குறியோடு காத்துக் கிடக்கும், நெட் கிடைத்த நொடியில் கிளம்பிவிடும் என்றாள். இப்போதே ஸ்டேஷனுக்குப் போவோம் என்று எழுந்தாள்.

"ஒரு தடவ பாத்தது கண்ணு பிசகா இருக்கலாம்," என்றாள் பாண்டிசெல்வி. "புதன்கிழமையும் பாத்துட்டுப் போவோம்."

அந்த இரண்டு நாளும் அவள் எப்படி இருந்தாள் என்று பிற்பாடு அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. புதன்கிழமை சாயங்காலம் அவர் வந்தபோது, வாங்கண்ணே என்று சொன்னாள். எப்போதும் போலவே சொன்னதாகத்தான் நினைத்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, கை அணைக்கவில்லை. அவர் வாசற்படி தாண்டியதும் நாலாவது பெயர் வந்தது. அவர் போனதும் போயிற்று. அவர் குடித்து வைத்த டம்ளரை அவள் தொடவில்லை. இரண்டு நாள் அது அங்கேயே இருந்து காய்ந்தது.

ஏட்டு முத்துவீரன் ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்த மனுஷர். கையில் லேப்டாப்போடு இரண்டு பெண்கள் வந்து நின்று சொன்னதை முதலில் அரை மனதாகத்தான் கேட்டார். பாண்டிசெல்வி தேதியும் நேரமும் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். செய்தி வந்த பதினோரு தடவையும் சோலைச்சாமி வீட்டில் இருந்திருக்கிறார். அதை வாசித்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அந்தத் தோப்பில் பன்றித் தொந்தரவு உண்டா என்று கேட்டார். உண்டு, மாம்பழக் காலத்தில் மலையிலிருந்து கூட்டமாக இறங்கும் என்றாள். அவர் அதையும் தாளில் குறித்துக்கொண்டார். ஏன் அதைக் கேட்டார் என்று அவளும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கே முத்துவீரன் சாதாரண உடையில் பின்வாசல் வழியாக வந்து உள்ளறையில் உட்கார்ந்துகொண்டார். ஸ்டேஷன் ஆட்கள் இரண்டு பேர் தெருமுனைக் கடையில் நின்றார்கள். நஸீபா லேப்டாப்புக்கு முன்னால் இருந்தாள். பாண்டிசெல்வி கூடத்தில் அமர்ந்திருந்தாள்.

சோலைச்சாமி மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். தட்டு கேட்டார். அவள் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் பத்திரிகையை அதில் வைத்தார். அறைக்குள்ளிருந்து ஒரு தொண்டைச் செருமல் கேட்டது. பெயர் வந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். அவள் மடியிலிருந்த போனும் சிணுங்கியது. அவள் எடுத்துப் பார்க்கவில்லை.

முத்துவீரன் வெளியே வந்து பேசுவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் பாண்டிசெல்வியே கேட்டுவிட்டாள்.

"அண்ணே, அந்தப் பையில இருக்கிற போன எடுத்துக் குடுங்க."

"எந்தப் போனு?"

"அவிய போனு."

சோலைச்சாமி எழுந்திருக்கவில்லை, ஓடவில்லை. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதன் ஜிப்பைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு திறந்து, துண்டில் சுற்றியிருந்த போனை எடுத்துத் தட்டில், பத்திரிகைக்குப் பக்கத்தில் வைத்தார். அதன் ஓரத்தில் இசக்கிமுத்து ஒட்டிய வெள்ளைப் பட்டி இன்னும் இருந்தது.

"எங்கண்ணே இருக்காக?"

"என் தோப்புல," என்றார். "தெக்கு வரப்பு ஓரத்துல, கடைசித் தென்னங்கன்னுக்குக் கீழ."

அதற்குள் முத்துவீரன் வெளியே வந்திருந்தார். சோலைச்சாமி அவரைப் பார்த்து ஆச்சரியப்படவும் இல்லை. கேட்டதற்கெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். பன்றி மாங்காயைத் தின்று அழிக்கிறது என்று மோட்டார் லைனிலிருந்து களவாகக் கரண்ட் எடுத்து வரப்போரம் கம்பி இழுத்திருந்தார். இருட்டினதும் போட்டு விடிந்ததும் எடுத்துவிடுவார். அன்றைக்கு இசக்கிமுத்து வழக்கத்தைவிட முன்னதாக வந்து, ஓடை வழியாகக் குறுக்கே சோலைச்சாமியின் தோப்புக்குள் இறங்கிவிட்டார். விடியும்போது சோலைச்சாமி போய்ப் பார்க்கையில் மாப்ளை வரப்பில் கிடந்தார், பக்கத்தில் டார்ச் எரிந்துகொண்டே கிடந்தது. தென்னங்கன்று வைக்கச் சோலைச்சாமி ஏற்கெனவே குழி எடுத்து வைத்திருந்தார், அதிலேயே புதைத்துவிட்டார்.

பைக்கைக் கொண்டுபோய்ப் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் விட்டது, சிம்மைக் கழற்றி வீசியது எல்லாம் சொன்னார். போனைத் திறக்கிற நம்பர் அவருக்குத் தெரியும். தோப்பு மோட்டாரைப் போனிலிருந்துதான் ஓட விடுவார்கள், கை சேறாக இருக்கும்போது இசக்கிமுத்து அவரிடம் போனைக் கொடுத்துப் போடச் சொல்வார். செய்தி அனுப்பினால் அவள் தேடமாட்டாள், மகள் கல்யாணம் முடிகிற வரை தாங்கினால் போதும் என்று நினைத்தார். தோப்பில் அடிக்கும்போது போகாத செய்தி இந்த வீட்டுக்கு வந்தால் போய்விடுகிறது, அது ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை. டவுனில் டவர் நல்லா இருக்கு என்று நினைத்திருக்கிறார்.

"ஒவ்வொரு தடவையும் சொல்லிரணும்னுதான் தங்கச்சி வந்தேன்," என்றார். "நீ காப்பி கொண்டாந்து குடுத்துருத. பொறவு வாய் வரல."

பாண்டிசெல்வி அவரைத் திட்டவில்லை. அவள் எழுந்து உள்ளே போய், அடுப்படியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். நஸீபா வந்து பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அழுகை வந்தது, இரண்டு மாதத்து அழுகையும் ஒன்றாக.

மறுநாள் தாசில்தார் முன்னிலையில் தோண்டினார்கள். விஜயபாண்டி விமானம் பிடித்து வந்து சேர்ந்தான். அடையாளம் சொல்ல அவனைத்தான் கூட்டிப்போனார்கள், அம்மாவை வரப்புக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்கள். காரியமெல்லாம் முடிந்து அவன் கிளம்புகிற அன்று, தோப்பை விற்றுவிடலாம் அம்மா என்றான். அவள் வேண்டாம் என்றாள்.

சோலைச்சாமி மகளின் கல்யாணம் நின்றுபோயிற்று. வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நடக்கிறது. வாய்தாவுக்குப் போகும்போதெல்லாம் அவர் மனைவி வேலுத்தாய் வராண்டாவின் அந்தக் கோடியில் நின்றுகொண்டிருப்பாள். இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஒருமுறை கூட்டத்தில் நெருங்கி நிற்க வேண்டி வந்தபோது, வேலுத்தாய், அந்த ரெண்டு மாசமும் அந்த மனுஷன் ஒரு வாய் சோறு ஒழுங்காத் திங்கல என்று யாருக்கோ சொல்வது போலச் சொன்னாள். பாண்டிசெல்வி தெரியும் என்பது போலத் தலையை அசைத்தாள்.

விஷயம் வெளியே வந்த வாரத்தில் மின்வாரிய ஆட்கள் அடிவாரம் முழுக்க வந்து பார்த்தார்கள். அதற்கு முந்தின நாளே எல்லாத் தோப்பிலிருந்தும் கம்பிகள் காணாமல் போயிருந்தன. எல்லோரும் சோலைச்சாமியைத் திட்டினார்கள். ஐப்பசி மழை வந்து போனது. கார்த்திகையில் பன்றிகள் மறுபடி இறங்குகின்றன என்று பேச்சு வந்தது.

இப்போது பாண்டிசெல்வி ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் தோப்புக்குப் போகிறாள். ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு, கையில் காய்ந்த மூங்கில் கழியோடு, ஒவ்வொரு அடியாகத் தரையைப் பார்த்து வைத்து நடக்கிறாள். போன வாரம் வடக்கே அடுத்த தோப்பின் வேலியோரம், புல்லுக்குள், முழங்கால் உயரத்தில் என்னவோ மினுங்கியது. பனி என்று நினைத்துக் குனிந்தாள். வெயில் ஏறாத அந்த வெளிச்சத்தில், ஒரு குச்சியிலிருந்து இன்னொரு குச்சிக்கு, மெல்லிசாக ஒரு கம்பி போயிருந்தது. அதன் கீழே புல் ஒரு சாண் அகலத்துக்குக் கருகியிருந்தது.

அவள் இரண்டடி பின்னால் வந்தாள். கொஞ்ச தூரத்தில் புல் அறுக்கிற பெண்கள் மூன்று பேர் பேசிக்கொண்டே வருவது கேட்டது. கழியைக் குறுக்கே பிடித்து வழியை மறித்து நின்றுகொண்டு, மின்வாரிய ஆபீசுக்குப் போன் போட்டாள். இடத்தைச் சொன்னாள், தோப்புக்காரர் பெயரைச் சொன்னாள், தன் பெயரையும் சொன்னாள். நீங்கள் போகலாம், நாங்கள் வந்து பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள்.

"நீங்க வாங்க," என்றாள். "வாற வரைக்கும் நான் இங்கனயேதான் நிக்கேன்."